ஆன் ஆகாத கம்ப்யூட்டரும் அவசர ஃபார்மட்டும்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, பொத்தானை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா என்றுதான். ஃபேனே சுற்றவில்லை என்றால் கோளாறு மின்சாரம் வரும் வழியில். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் பெரும்பாலும் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) அல்லது டிஸ்பிளே சமாச்சாரம். கம்பெனி லோகோ வரை வந்து நின்றுவிட்டால் டிஸ்க்கோ விண்டோஸோ மக்கர் செய்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் பக்கத்து வீட்டுத் தம்பி முதல் சில கடைக்காரர்கள் வரை மூன்றுக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." அதாவது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அந்த ஒரு வாக்கியத்தால் கல்யாண ஆல்பத்தையும் கடைக் கணக்கையும் இழந்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

முதலில் மின்சாரம். ஸ்பைக் பஸ்டரைச் சந்தேகப்படுங்கள். அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கேபினெட்டின் பின்பக்கம், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு அது அணைந்து கிடப்பது சர்வ சாதாரணம். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், கம்ப்யூட்டர் லோடு ஏறிய நொடியில் படுத்துவிடும். கரண்ட் விட்டு விட்டு வந்த நாள் என்றால், பிளக்கைப் பிடுங்கி சில நிமிடம் விட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். வோல்டேஜ் எகிறினால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும். மின்சாரம் முழுதாக அற்றால்தான் அந்தப் பூட்டு விடும். லேப்டாப்பிலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்து பார்க்கலாம். ஆனால் அடிப்பாகம் புடைத்து, டச்பேட் மேலெழும்பி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல் அப்படியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசியாகக் கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அங்கேயே இருக்கும். உள்ளே பல்லி கருகிக் கிடக்கிறது, வாடை வருகிறது என்றாலும் கடையில் கொடுத்து மாற்றுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்பார்கள் சிலர். அது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் தப்பல்ல, அந்த பாயிண்டில் எர்த் இல்லை. கூப்பிட வேண்டியது என்னையல்ல, எலக்ட்ரீசியனை. இடி மின்னல் காலத்தில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றி வையுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருப்பது. மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டு துளையில் செருகிவிட்டுத் திணறுபவர்கள் உண்டு. கேபிள் கார்டின் துளைக்குத்தான் போக வேண்டும். அதுவும் சரி என்றால் ராம். தூசியும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் தங்கநிறப் பட்டைகளில் படலம் கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ராம் உள்ள புதுக் கணினி என்றால், கழற்றி மாட்டிய பிறகு முதல்முறை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம். ராமை அளந்து சரிசெய்துகொள்ள அது எடுக்கும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள்.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், ஆன் செய்யும்போதெல்லாம் எஃப்1 அழுத்தச் சொல்லும். இந்த அற்ப பேட்டரியால் நல்ல ஹார்ட் டிஸ்க்கைப் பலபேர் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பேட்டரி போனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் கம்பெனியில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கைப் படிக்கும் முறையோ பூட் செய்யும் முறையோ மாறிப்போய், துவக்க டிஸ்க் இல்லை என்று திரையில் வரும், அல்லது விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும் நீலத்திரை வரும். டிஸ்க் என்னவோ நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த அமைப்பைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் தானாக எழுந்துவிடும். பென் டிரைவைச் செருகியபடி விட்டாலும் சில கணினிகள் அதிலிருந்து துவங்கப் பார்த்து இதே செய்தியைக் காட்டும்.

சரி, லோகோ வந்துவிட்டது, அதன் பிறகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது தானாக அணைந்து அணைந்து எழுகிறது. இங்கேதான் 'ஃபார்மட்' என்ற பேச்சு எழும்.

விண்டோஸ் எழாமல் போவது வேறு, உங்கள் கோப்புகள் அழிவது வேறு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு என்ன? சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய் ஒரே ஒரு ஃபைலை நீக்குவது. அத்தனை கணினிகளிலும் கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. வீட்டுக் கணினி முரண்டு பிடிப்பதும் பலசமயம் இப்படித்தான், ஏதோ ஒரு டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) அல்லது அரைகுறையாக ஏறிய அப்டேட்.

தொடர்ந்து சில முறை துவங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானே ஒரு நீலநிற மீட்புத் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முதலில். பிறகு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', 'சிஸ்டம் ரீஸ்டோர்', சேஃப் மோட். இவை எதுவும் உங்கள் போட்டோவைத் தொடாது. 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் மட்டும் விரலை நிதானமாக வையுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போகும், கோப்புகள் நிற்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் பெயரே சொல்லிவிடுகிறது.

இவை பலிக்காவிட்டாலும் ஃபார்மட்டுக்கு முன் ஒரு படி உண்டு: கோப்புகளை வெளியே எடுப்பது. உபுண்டு போன்ற லினக்ஸை வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே உங்கள் கணினியை எழுப்பலாம். நிறுவக் கேட்கும், நிறுவாமல் சும்மா இயக்கிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே உங்கள் சி டிரைவ் தெரியும், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் வழியாக இன்னொரு கணினியில் மாட்டலாம்.

கடைகளில் "சி மட்டும்தான் சார் ஃபார்மட், டி-ல இருக்கறது அப்படியே இருக்கும்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் பொதுவாகச் சி-யில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் 'முக்கியம்' என்று ஃபோல்டர் போட்டு வைத்திருப்பவர்கள் அத்தனைபேரும் அதைச் சி-யில்தான் வைத்திருக்கிறார்கள். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவும், நீங்கள் இடம் மாற்றியிருந்தால் தவிர, சி-யில் பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள்தான் கிடக்கும். எங்கள் தொழிலிலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எந்த அப்டேட் கெடுத்தது என்று தேடுவதைவிட ஃபார்மட் போட்டுக் கையில் கொடுப்பது சுலபம், கூலியோ ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் கேட்காவிட்டால் பலர் தேடமாட்டார்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் ஆன பிறகும் மென்பொருள் கொண்டு கொஞ்சம் மீட்க முடியும், அதன்மேல் எதுவும் எழுதப்படாத வரை. எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) அந்த நம்பிக்கை மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சீராகச் சத்தம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள், யுஎஸ்பியில் மாட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதை நம்பினால் உள்ளே ஈரம் கோர்ப்பதுதான் மிச்சம். கோப்புகள் அவசியம் என்றால் டேட்டா ரெக்கவரி ஆய்வகம்தான் வழி. செலவு அதிகம். எனவே எதற்காக, எவ்வளவு வரை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கடைசியாக, புதுக் கணினிகளில் வரும் ஒரு சிக்கல். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. அதன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே இந்த என்கிரிப்ஷன் வேலை செய்யத் தொடங்கிவிடும். அன்றாடம் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பயாஸ் அமைப்பு மாறினாலோ மதர்போர்டை மாற்றினாலோ, பிட்லாக்கர் எனப்படும் இந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையென்றால் நான் மேலே சொன்ன லினக்ஸ் வழியும் செல்லாது. எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது, என்னாலும்தான். அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி வாங்கும்போது கடைப் பையன் அவன் போக்கில் ஒரு மின்னஞ்சல் உருவாக்கிக் கொடுத்திருந்தால், அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. கணினி நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் எந்தக் கணக்கு என்று பார்த்து, போனிலிருந்து அதில் நுழைய முடிகிறதா என்று சோதித்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

கடையில் கொடுக்கும்போது "என்னைக் கேட்காமல் ஃபார்மட் வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். செத்துப்போனது என்று அவர்கள் சொன்னாலும் அதில் உங்கள் ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் இருக்கலாம்.