விண்கப்பலில் மெதுவாகப் பேச முடியுமா?

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. மதியம் 2:35-க்கு சந்திரயான்-3 கிளம்புகிறது என்பதால் நானும் நண்பனும் பைக்கில் ஆரம்பாக்கம் தாண்டி தடா பக்கம் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். அந்தப் பக்கம் ஏரி கோடையில் வற்றி, உப்புப் பூத்த சேறாகக் கிடக்கும். சேற்றுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா மரங்கள் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தன. அந்தக் கோட்டுக்கு மேலே திடீரென்று ஒரு நெருப்பு எழுந்தது. சத்தமே இல்லை. நண்பன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். கரையில் நின்ற கூட்டம் தமிழிலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருக்க, அவன் விடாமல் எண்ணினான். அறுபத்தெட்டு வந்தபோதுதான் உறுமல் வந்து சேர்ந்தது. அதற்குள் ராக்கெட் அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குப் போயிருந்தது.

முந்தின ராத்திரி இருவரும் ஒரு விண்வெளிப் போர்ப் படம் பார்த்திருந்தோம். போர் தொடங்கும் முன் கப்பலின் தளபதி தன் பழைய நண்பனை அறைக்குக் கூப்பிட்டு, விளக்கைக் குறைத்து, மெதுவான குரலில் கொஞ்ச நேரம் பேசுவார். வெடிக்கிற காட்சிகளைவிட அந்தக் காட்சிதான் எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. உறுமல் அடங்கியதும் நண்பன் கேட்டான்: "மச்சான், காத்து இருக்கிற இடத்துலயே சத்தம் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. அங்க காத்தே இல்ல. அவங்க எப்படிடா அவ்ளோ மெதுவா பேசிக்கிட்டாங்க?"

கப்பலுக்குள்ளே காற்று இருக்குமே என்று அன்றைக்கு ஒரு வரியில் முடித்துவிட்டேன். அது பாதி பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அறுபத்தெட்டு. நெரிசலான பஸ்ஸில் பின்னால் ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளல் ஆள் மாற்றி ஆள் முன்படி வரைக்கும் வருகிறதல்லவா? ஆட்கள் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள், தள்ளல் மட்டும் நகர்கிறது. காற்றில் ஒலியும் அப்படித்தான் போகிறது. 35 டிகிரி வெயிலில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். அறுபத்தெட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஏவுதளம் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். கூர்மையான, உச்சமான ஒலிகளைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடும் என்பதால் கனமான ஒலி மட்டும் மிஞ்சி உறுமலாக வருகிறது. பக்கத்தில் விழும் இடி படீரென்று வெடிப்பதற்கும் தூரத்து இடி உருளுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

விண்வெளியில் பஸ்ஸே காலி. தள்ளுவதற்கு ஆள் இல்லை, அதனால் ஒலியும் இல்லை. ஆகவே தளபதியும் நண்பரும் பேசிக்கொள்வதற்குத் தேவையான காற்று முழுவதையும் கப்பல் சுமந்துகொண்டு போக வேண்டும். நம் ஊர்க் காற்று ஒரு கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ எடை. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு கூடம் என்றால் அதற்குள்ளே 360 கிலோ காற்று இருக்கிறது. நாலைந்து ஆள் எடை!

சரி, எடையை மிச்சப்படுத்தக் காற்றைக் குறைத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலேப் நிலையத்துக்குள் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், அதில் பெரும்பகுதி ஆக்சிஜன். மூச்சுக்குப் போதும், பேச்சுக்குப் பற்றாது. ஒலியின் வேகத்தை வாயுவின் வகையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன, எனவே அதில் பெரிய மாற்றம் இல்லை. அடிபட்டது குரலின் பலம். தொண்டை தள்ளுவதற்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு கூட்டம்தான் இருந்தது, எனவே குரல் தூரம் போகவில்லை, அங்கே வசித்தவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. இப்போதுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொன்னேரியில் நாம் சுவாசிக்கிற அதே அளவு அழுத்தத்தை வைத்திருக்கிறார்கள்.

காற்று நிறைய இருந்தாலும் அமைதி கிடைக்காது. எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இந்த இடம்தான். எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது, ஏனென்றால் அங்கே மேல் என்றே ஒன்று கிடையாது. இங்கே நாம் விடுகிற மூச்சு வெதுவெதுப்பாக இருப்பதால் தானாக எழுந்து விலகிவிடுகிறது, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே அது முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். அசையாமல் தூங்கினால் விட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுத்து, தலைவலியோடு எழ வேண்டிவரும். அதனால் அங்கே ஃபேன்கள் ராப்பகலாக ஓடுகின்றன, கூடவே பம்புகள், வடிகட்டிகள், குளிர்விக்கும் கருவிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 60 டெசிபல், அதாவது எதிரே நிற்கும் ஒருவர் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு, இரைச்சல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கிசுகிசுப்பு 30 டெசிபல்தான், அது இந்த இரைச்சலில் மூழ்கிப்போகும்.

அந்தப் படத்தில் தளபதியின் அறை நிசப்தமாக இருந்தது. நிஜத்தில் அப்படி ஒரு நிசப்தம் வந்தால் ஃபேன் நின்றுவிட்டது என்று அர்த்தம், இருவரும் பேச்சை விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். கொஞ்சமாவது அமைதி வேண்டுமென்றால் விண்வெளி நிலையத்தில் தூங்கும் அறைகள் இருக்கின்றன. ஒலியை உறிஞ்சும் விரிப்புகள் பதித்த, ஒரு டெலிபோன் பூத் அளவுக்கான பெட்டிகள் அவை. அதற்குள்ளும் தனி ஃபேன் ஓடும். ஒருவருக்கென்று கட்டிய பெட்டியில் இருவர் நுழைந்து கதவைச் சாத்தினால், பேசப் பேசக் காற்று கெட்டுக்கொண்டே வரும்.

அப்புறம், தளபதியின் நண்பர் வேறு கப்பலில் இருந்தால்? அப்போது குரல் ரேடியோ அலையாக மாறி வெற்றிடத்தில் வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏரிக்கரையில் நாங்கள் அறுபத்தெட்டு எண்ணிய நேரத்தில் அது இரண்டு கோடி கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இவ்வளவு வேகம் இருந்தும் பேச்சுக்கு அது சீக்கிரமே போதாமல் ஆகிவிடுகிறது, காரணம் நம் காது அவ்வளவு அவசரக்காரக் காது. பத்து மொழிகளில் மக்கள் பேசுவதை அளந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக 0.2 வினாடி அளவில்தான் இருந்தது. கண் இமைக்கும் நேரம். "வர்றியா?" என்று கேட்டு எதிராளி ஒரு வினாடி பேசாமல் இருந்தாலே, வரமாட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சின்ன மௌனத்தையும் நாம் பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அதனால்தான் குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 0.15 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்று தொலைபேசிப் பொறியாளர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் 45,000 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டினால் ஆகும் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு கப்பல்களும் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் நண்பர்கள் நண்பர்களாகப் பேசிக்கொள்ளலாம்.

2025 ஜூன் 28 அன்று சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து பிரதமரோடு பேசியதை நினைத்துப் பாருங்கள். நிலையம் இருப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். ஆனால் அங்கிருந்து குரல் நேராகத் தரைக்கு வருவதில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, திரும்ப இறங்குகிறது. போக வர 72,000 கிலோமீட்டர், கால் வினாடி. தரையில் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. நிலா தூரம் என்றால் கேள்வி போய் பதில் வர சுமார் 2.6 வினாடி. தளபதி "பயமா இருக்கா?" என்று கேட்கிறார், நண்பர் உடனே "இல்லை" என்கிறார், ஆனால் தளபதி காதில் விழுவது இரண்டரை வினாடி தயங்கிச் சொன்ன "இல்லை". போருக்கு முன்னால் அந்தத் தயக்கத்துக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று யோசிக்கிறேன். செவ்வாய் தூரத்தில் ஒரு பக்கம் போகவே 3 முதல் 22 நிமிடம். அது உரையாடலாகாது, கடிதப் போக்குவரத்து. நண்பர் சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி பக்கம் இருந்தால் கடிதம் போய்ச்சேர நாலேகால் வருடம். அதற்குள் போரே முடிந்திருக்கும்.

கப்பல்கள் வேகமாக விலகிக்கொண்டோ நெருங்கிக்கொண்டோ இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் விஜயவாடா பக்கத்து எக்ஸ்பிரஸ், பிளாட்பாரத்தில் நிற்பவரைத் தாண்டும்போது அதன் ஹார்ன் சட்டென்று சுருதி இறங்கும். டாப்ளர் விளைவு. ரேடியோவுக்கும் இது பொருந்தும். சனிக்கோளின் டைட்டன் நிலவில் இறங்கப்போன ஹைகன்ஸ் கலம் அனுப்பும் சிக்னலை, இந்தச் சுருதி மாற்றத்தால் தாய்க்கலமான காசினி சரியாக வாங்க முடியாது என்று இரண்டும் பூமியை விட்டுக் கிளம்பிய பிறகு, 2000-ல்தான் கண்டுபிடித்தார்கள். வாங்கும் கருவியைப் போய்த் திருத்த வழியில்லை. எனவே இரண்டுக்கும் இடையே வேக வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாதபடி காசினியின் பாதையையே மாற்றினார்கள், 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கியபோது அதன் படங்கள் வந்து சேர்ந்தன. அந்தப் பாதையை மாற்றியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

போர் என்றால் ஒட்டுக்கேட்கிறவர்களும் இருப்பார்கள். ரேடியோ அலை போகப் போக விரியும், வழியில் இருக்கிற எல்லோர் மேலும் விழும். வாயேஜர்-1 விண்கலம் இன்று 2,500 கோடி கிலோமீட்டர் அளவு தூரத்திலிருந்து ஒரு வீட்டு பல்பின் பலத்தில்தான் பேசுகிறது, அதையே 70 மீட்டர் அகலத் தட்டு வைத்து நாம் கேட்டுவிடுகிறோம். எதிரிக்கும் தட்டு இருக்கும். லேசர் பரவாயில்லை, அது மிகக் குறுகலாகப் போகும். 2023 டிசம்பரில் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டரிலிருந்து ஒரு பூனையின் வீடியோவை லேசரில் அனுப்பியது, வந்து சேர 101 வினாடி. எங்கள் ராக்கெட் சத்தம் 24 கிலோமீட்டர் வர எடுத்த நேரத்தைவிட அரை நிமிடம்தான் கூட! ஆனால் லேசர் பேச்சைத்தான் மறைக்கும், கப்பலை மறைக்காது. பின்னணியில் வானம் மைனஸ் 270 டிகிரி குளிர். மனிதர் வாழும் அறை வெப்பத்தோடு ஒரு கப்பல் அதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அணையாமல் தெரிந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போருக்குத் தயாராகிற கப்பலில் காற்று இருக்குமா? 1971 ஜூன் 30 அன்று சோவியத் விண்கலமான சோயுஸ்-11 திரும்பி வரும்போது ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று முழுக்க வெளியேறி, விண்வெளி உடை அணியாத மூன்று வீரர்களும் இறந்தார்கள். அதிலிருந்து சோயுஸில் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை அணிவது கட்டாயம். சுவரில் ஓட்டை விழலாம் என்று தெரிந்தே போருக்குப் போகிற தளபதி தன் ஆட்களுக்கெல்லாம் உடையை மாட்டிவிட்டு, அறைகளின் காற்றை முன்கூட்டியே உறிஞ்சித் தொட்டியில் சேர்த்துவிடுவார் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்போது அந்த அறையும் வெளி மாதிரியே ஊமையாகிவிடும். இருவருக்கும் ஹெல்மெட் ரேடியோதான் கதி, அதைக் கப்பலில் எல்லோரும் கேட்கலாம்.

இதை நான் போன மாதம் அதே ஏரிக்கரையில் வைத்துச் சொல்ல, நண்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சின்ன வயதில் தீப்பெட்டியில் நூல் கட்டி டெலிபோன் பேசியதை ஞாபகப்படுத்தினான். தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருவதைக் கேட்டதையும் சொன்னான். அவன் சரியான இடத்தைத்தான் பிடித்தான். திடப்பொருளிலும் ஒலி போகும். ரேடியோவை அணைத்துவிட்டு இருவரும் ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை முட்டிக்கொண்டால், ஒருவர் குரல் அவர் ஹெல்மெட்டை அதிரவைத்து, அது மற்றவர் ஹெல்மெட்டை அதிரவைத்து, உள்ளே இருக்கிற காற்று வழியாகக் காதுக்குப் போய்விடும். அவர்களைத் தவிர ஒருவருக்கும் கேட்காது.

"அப்ப மெதுவா பேசலாம்" என்றான்.

முடியாது என்றேன். காற்றிலிருந்து ஹெல்மெட்டுக்கு மாறும்போது ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடும், திரும்ப காற்றுக்குள் வரும்போது இன்னொரு இழப்பு, போதாததற்கு அமெரிக்க விண்வெளி நடை உடைக்குள் இருக்கும் அழுத்தம் ஸ்கைலேப்பைவிடவும் குறைவு. இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும்.