இருபது வளைவுகள், இரண்டு வாட்ச்கள்

ஏற்காடு அடிவாரத்தில் நாங்கள் ஓடத் தொடங்கியபோது காலை ஐந்தரை மணி. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. நானும் ஞாயிறுதோறும் கூட ஓடும் தம்பியும் ஒரே மாடல் ஜிபிஎஸ் வாட்ச் கட்டியிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பக்கம் பக்கமாகவே ஓடி ஏறி, ஏரிக்கரையில் ஒன்றாகவே நின்று வாட்சை நிறுத்தினோம். அவனுடையதில் தூரம் என்னுடையதைவிட 400 மீட்டர் அதிகம்.

"ரோடு ஒண்ணுதானேண்ணா, அது எப்படி?" என்றான். நியாயமான கேள்வி. அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வாட்ச் ரோட்டை அளப்பதே இல்லை. 'இப்போது நான் எங்கே இருக்கிறேன்' என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு ஒரு புள்ளி வைக்கிறது. பிறகு புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, அந்தக் கோடுகளின் நீளத்தைக் கூட்டிச் சொல்கிறது. கோலத்தில் புள்ளி தள்ளிப்போனால் கோடும் தள்ளித்தானே போகும்? இங்கேயும் அதேதான்.

அந்தப் புள்ளி எப்படிக் கிடைக்கிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது நேரம் இது' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து நம் மணிக்கட்டுக்கு வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். கிளம்பிய நேரத்தை வந்த நேரத்திலிருந்து கழித்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும் என்று பள்ளிக் கணக்கு சொல்லும். ஆனால் நான்கு வேண்டும். காரணம், நம் வாட்சில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலே தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். நான்காவது செயற்கைக்கோளை வைத்துத்தான் வாட்ச் தன் நேரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கிறது.

மேலே இருப்பவை அணுக்கடிகாரங்கள். அவற்றுக்கும் ஒரு சங்கதி உண்டு. வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும், புவியீர்ப்பு குறைந்த இடத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக நடக்கும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் செயற்கைக்கோள் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளைக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தை அந்த அளவு மெதுவாக்கி அனுப்புகிறார்கள். சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரியைச் சுற்றி நாலு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் சார்பியல் கொள்கை வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

சரி, மலைக்கு வருவோம். செயற்கைக்கோள் அனுப்பும் சக்தி ஏறக்குறைய ஒரு டியூப்லைட் எரியும் அளவுதான். இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும்போது அது மிக மிக மெலிந்துபோயிருக்கும். ஏற்காட்டு ரோட்டில் ஒரு பக்கம் மலையை வெட்டிய பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். சுவர்ப் பக்கத்து வானம் பாதி மறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிடைப்பதால் கணக்கு பலவீனமாகிறது. போதாக்குறைக்கு அலைகள் பாறையில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கின்றன. வாட்சுக்கு அது தூரமாகத் தெரியும், புள்ளி நகர்ந்துவிடும். பனிமூட்டத்தால்தான் சிக்னல் போச்சு என்று பலர் சொல்வார்கள். மேகமும் பனியும் இந்த அலைவரிசையை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. சில்வர் ஓக் மரங்களின் ஈர இலைக்கூட்டம்தான் சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது.

இப்போது அந்த 400 மீட்டர். என் வாட்சில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் முறை போட்டிருந்தேன். புள்ளிகள் பல நொடிக்கு ஒருமுறைதான் விழும். ஒரு வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வட்டம் சுமார் 38 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகத்தில் அதைக் கடக்க 16 நொடி ஆகும். எட்டு நொடிக்கு ஒரு புள்ளி என்றால் வளைவு முழுவதும் இரண்டே நேர்க்கோடாகிவிடும், நீளம் 34 மீட்டர். ஒரு வளைவில் 4 மீட்டர் போனால் இருபது வளைவில் 75 மீட்டருக்கு மேல் காணாமல் போகும். பெயர்ப் பலகை இல்லாத சின்னத் திருப்பங்கள் வழிநெடுக எத்தனையோ. அங்கேயும் இதே கதைதான். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பார்த்தேன். ஒன்பதாவது வளைவில் நான் ரோட்டை விட்டு மலைக்குள் புகுந்து வந்ததுபோல் கோடு கிடந்தது.

தம்பியின் வாட்ச் நொடிக்கு ஒரு புள்ளி வைத்தது. அது வளைவை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஓரிரு மீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும் புள்ளிகளை இணைத்தால் நேர்ரோடும் ரம்பப்பல்லாகி நீளம் கூடும். ஆட்டத்தை மட்டுப்படுத்த வாட்சுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, ஆனாலும் முழுக்க ஒழியாது. ஆக எனக்குக் குறைந்தது, அவனுக்குக் கூடியது. உண்மைத் தூரம் நடுவில் எங்கோ இருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் சேலம் காந்தி ஸ்டேடியத்தின் 400 மீட்டர் டிராக்கில் உள்பக்க லேனில் பத்துச் சுற்று ஓடிப் பார்க்கலாம். இரண்டாவது லேனுக்குப் போய்விடாதீர்கள், அங்கே ஒரு சுற்று சுமார் 407 மீட்டர்.

புது வாட்ச்களில் இரண்டு அலைவரிசையில் கேட்கும் வசதி வந்திருக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பும் அலையை அது நன்றாகப் பிரித்தறியும். மலையில் ஓடுகிறவர்கள் காசு கொடுப்பதானால் இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நம் நாட்டின் நேவிக் செயற்கைக்கோள்களும் சில வாட்ச்களில் சேர்ந்துவிட்டன. 2023 மே மாதம் இஸ்ரோ ஏவிய என்விஎஸ்-01, சின்னக் கருவிகள் பொதுவாகக் கேட்கும் எல்-1 அலைவரிசையிலும் பேசுகிறது. அதில் இங்கேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரம் இருக்கிறது.

அடுத்தது இதயத் துடிப்பு. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வைத்தியர் நாடி பார்க்கும்போது கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல் வைக்கிறார். அங்கே தமனி தோலுக்கு மிக அருகில் துள்ளுகிறது. வாட்ச் உட்காருவதோ மணிக்கட்டின் மறுபுறம். அங்கே பெரிய தமனி இல்லை, தோலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான். வாட்ச் பச்சை வெளிச்சத்தை உள்ளே அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது. ரத்தம் பச்சையை நன்றாக விழுங்கும். இருட்டில் செல்போன் டார்ச்சை விரல்நுனியில் அழுத்திப் பாருங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். பச்சை உள்ளேயே தங்கிவிட்டது, சிவப்பு மட்டும் வெளியே வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த நுண்குழாய்களில் ரத்தம் இம்மி கூடும், திரும்பும் வெளிச்சம் இம்மி குறையும். இந்த மாற்றம் மொத்த வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நல்ல சிக்னல். அந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நமக்கு எண் வருகிறது.

உட்கார்ந்திருக்கும்போது இது அருமையாக வேலை செய்யும். ஓடும்போது கை வீசுகிறது, வாட்ச் தோலில் உராய்கிறது, ரத்தமே அலம்புகிறது. இந்த ஆட்டம் நாடியைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே இருக்கும் அசைவுச் சென்சாரை வைத்து வாட்ச் அதைக் கழிக்கப் பார்க்கும். சில சமயம் தோற்றுப்போய், காலடியையே நாடி என்று எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு மூன்றாவது வளைவுக்கு முன்னால் தம்பியின் வாட்ச் 172 காட்டியது. அவனோ அத்தை பெண் கல்யாணக் கதையைச் சரளமாகச் சொல்லிக்கொண்டு ஓடினான். 172 துடிப்பில் அவனால் அப்படிப் பேச முடியாது. நான் அவன் காலடியை எண்ணினேன். 15 நொடியில் 43, அதாவது நிமிடத்துக்கு 172. உடனே நிறுத்தி, தாடைக்குக் கீழே கழுத்தில் இரண்டு விரல் வைத்து எண்ணச் சொன்னேன். 15 நொடியில் 33. நிஜமான துடிப்பு 132தான்.

இதைச் சரிசெய்ய முடியும். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி, ஸ்ட்ராப்பை நகராத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்தால் தோலுக்கு ரத்தம் வந்துசேரும். மார்கழி விடியலில் ஏற்காட்டுக் குளிருக்குத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், வாட்ச் திணறும். கருத்த தோலின் மெலனினும் பச்சையைக் கொஞ்சம் விழுங்குவதால், நம் போன்றவர்களுக்கு இறுக்கிக் கட்டுவது இன்னும் முக்கியம். துல்லியம்தான் வேண்டும் என்றால் நெஞ்சுப் பட்டை. அது வெளிச்சத்தை நம்பவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் முன் இதயத்தில் ஓடும் மின்சாரத்தை, ஈசிஜி எடுப்பதுபோலத் தோலிலிருந்து பிடிக்கிறது. பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் தொடக்கத்தில் கண்டபடி காட்டும்.

எண் சரியாகவே வந்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்துக்குள் ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் துடிப்பு பத்து பதினைந்து ஏறிவிடும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் தடவைகளைக் கூட்டுகிறது. அன்றைக்கு வேகத்தைக் குறைப்பதுதான் சரி. அப்புறம், 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்கிற கணக்கு. அது ஒரு கூட்டத்தின் சராசரி. நாற்பது வயதில் 180 என்று அது சொல்லும், ஆனால் 168-ம் 192-ம் சாதாரணமாக இருக்கக்கூடியவை. வாட்ச் வாங்கியதும் தானாகவே இந்தக் கணக்கை வைத்துத்தான் லேசான ஓட்டம், கடின ஓட்டம் என்று துடிப்பு மண்டலங்களைப் பிரித்திருக்கும். கலோரி எண்ணிக்கையோ இந்த மதிப்பீடுகளின் மேல் கட்டிய இன்னொரு மதிப்பீடு, நான் பார்ப்பதே இல்லை. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் வாட்சில் 120 இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இறங்கும்போது பஸ். கடைசியாக, உயரம். அதை ஜிபிஎஸ் சுமாராகத்தான் சொல்லும். செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதனால் நல்ல வாட்சில் ஒரு சின்ன ஓட்டைக்குள் காற்றழுத்தமானி வைத்திருப்பார்கள். இந்த உயரங்களில் எட்டுப் பத்து மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். சேலம் சுமார் 280 மீட்டரில், ஏற்காடு 1,500 மீட்டரில், இரண்டுக்கும் இடையே சுமார் 130 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். வியர்வை உப்பு அந்த ஓட்டையை அடைத்தால் கணக்கு கெடும், நல்ல தண்ணீரில் அலசினால் போதும். நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணிவாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நாலு மணிக்குள் மூன்று ஹெக்டோபாஸ்கல் போல இறங்கும். வீட்டு மேஜையில் சும்மா கிடக்கும் வாட்சும் இதற்குள் இருபது முப்பது மீட்டர் மலையேறியிருக்கும்.

பஸ் பாதி வளைவுகள் இறங்கியிருந்தது. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து வாட்சில் உயரம் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, காது அடைச்சிக்கிச்சு," என்றான். வெளிக்காற்று கனத்து அவன் செவிப்பறையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கச் சொன்னேன். 'டப்' என்று திறந்துகொண்டது.