சேலம் வெயிலில் கஸ்டம் வாட்டர் கூலிங்: பாகம் வாங்கும் முன் அறையின் சூட்டை அளந்து பாருங்கள்

மார்ச் கடைசி வந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகள் மாறிவிடும். அதுவரை எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்டவர்கள், "அண்ணா, சிஸ்டம் கொதிக்குதுங்க, கஸ்டம் வாட்டர் கூலிங் போட்டுரலாமுங்களா?" என்று வருவார்கள். அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், கட்டட வரைபடத்தை நிஜப் படம் போல ரெண்டர் எடுப்பவர்கள், கேம் ஆடும் கல்லூரிப் பிள்ளைகள் என எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். யாருக்கு வேண்டும், ஏன் பலருக்கு வேண்டாம், வேண்டும் என்றால் நம்ம ஊர் தூசிக்கும் உப்புத் தண்ணிக்கும் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தண்ணீர் என்றதும் குளிர்ச்சி என்று மனது நினைத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோவது. கஸ்டம் வாட்டர் கூலிங்கில் தனித்தனிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் லூப் என்பது மூடிய குழாய்ச் சுற்று. அதில் எதுவும் ஆவியாவதில்லை. பிராசசரின் சூட்டைத் தண்ணீர் வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, அங்கே ஃபேன் அந்தச் சூட்டை அறைக் காற்றில் விடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆகவே எத்தனை லட்சம் செலவழித்தாலும் கூலன்ட், அதாவது லூப்பில் ஓடும் திரவம், அறைக் காற்றைவிடக் குளிராக ஆகவே ஆகாது.

இதை எண்ணில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நன்றாக அமைத்த ஒரு லூப்பில், முழு வேலை ஓடும்போது, கூலன்ட் அறை வெப்பத்தைவிடச் சுமார் 10 முதல் 12 டிகிரி மேலே நிற்கும். இன்டெல் ஐ9 14900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் பிராசசர் என்றால், கூலன்டுக்கு மேலே இன்னும் 35, 40 டிகிரி ஏறும். ஏசி ஓடும் 24 டிகிரி அறையில் பிராசசர் 70 முதல் 76 டிகிரிக்குள் நிற்கும். அதே சிஸ்டத்தை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், மே மாத மதிய வெயிலில் தளம் காய்ந்து அறை 38 டிகிரியில் கிடக்கும்போது ஓட்டினால் 85, 90 வந்துவிடும். பாகங்கள் அதே பாகங்கள். அறை மாறியதற்கு விலை 14 டிகிரி.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 600 வாட் இழுக்கும் சிஸ்டம், காற்றில் குளிர்ந்தாலும் தண்ணீரில் குளிர்ந்தாலும், அறைக்குள் 600 வாட் சூட்டைத்தான் விடுகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட் என்றால், அதில் ஆறில் ஒரு பங்கை உங்கள் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்கிறது. கதவு, ஜன்னலை மூடி ஏசி இல்லாமல் இரவு முழுக்க ரெண்டர் போட்டால், அறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அதோடு கூலன்டும் ஏறும், அதோடு பிராசசரும் ஏறும். லூப் இந்தச் சங்கிலியை உடைக்காது.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு நண்பர் போன கோடையில் வந்தார். மதியத்தில் மட்டும் சிஸ்டம் தானாக அணைகிறது, லூப் போட்டுத் தர வேண்டும், பணம் தயார் என்றார். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியான கேபினெட், கதவு வைத்த மேசைத் தடுப்புக்குள் முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வெளியே தள்ளிய சூடான காற்றையே முன்பக்கம் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கேபினெட்டை வெளியே எடுத்து வைத்தோம். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிராசசரின் பவர் லிமிட்டை 253லிருந்து 180 வாட்டுக்குக் குறைத்தேன். எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம்தான் கூடியது, அணைவது நின்றது. அவரிடம் லூப்புக்கு ஒதுக்கிய பணத்தில் எடிட்டிங் அறைக்கு ஏசி போடச் சொன்னேன். மனுசரும் கூலாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

பவர் லிமிட் குறைப்பது பற்றித் தனியாக அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதற்குக் காசே ஆகாது. இன்றைய பிராசசர்கள் கடைசி ஐந்து, பத்து சதவீத வேகத்துக்காக மின்சாரத்தைக் கண்டபடி குடிக்கின்றன. அந்தக் கடைசித் துளியை விட்டுக்கொடுத்தால் சூடு பெருமளவு இறங்கும். அதைச் செய்யாமல் யாருக்கும் நான் கூலர் விற்பதில்லை.

அப்படியென்றால் கஸ்டம் லூப் யாருக்கு? பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும் வேலை உள்ளவர்களுக்கு. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றே 450 வாட், 5090 என்றால் 575 வாட். ஒரே பெட்டியில் இரண்டு கார்டு வைத்து ரெண்டர் எடுப்பவருக்கு லூப் கட்டாயம் என்றே சொல்வேன். ரெக்கார்டிங் ஸ்டுடியோ மாதிரி ஃபேன் சத்தம் கேட்கவே கூடாத இடத்துக்கும் லூப் நியாயமான செலவு. மற்றபடி ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்து கேம் ஆடும் தம்பிக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இரட்டைக் கோபுர ஹீட்சிங்க் (காற்றில் குளிரும் கூலர்) தாராளமாகப் போதும். அந்தச் சிப்பில் சூடு சின்ன இடத்திலிருந்து கிளம்பி மேல்தகட்டைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது, தடங்கல் அங்கேதான். வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அந்தத் தடங்கல் அப்படியேதான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டில் கதை வேறு: வாட்டர் பிளாக் (தண்ணீர் உள்ளே ஓடிச் சூட்டை வாங்கும் உலோகக் கட்டி) சிப்பின்மேல் நேராக உட்காருகிறது, அதனால் தண்ணீரின் பலன் கார்டில்தான் கண்ணுக்குத் தெரியும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கார்டை லூப்பில் போடுங்கள், பிராசசரைக் காற்றிலேயே விடுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நான் போடும் கணக்கில் பிராசசர் மட்டும் உள்ள ஒழுங்கான லூப் 35,000 ரூபாயைத் தாண்டும், கார்டும் சேர்ந்தால் 60,000 ரூபாய்க்கு மேல் போகும். கார்டைத் திறந்து பிளாக் மாட்டினால் வாரண்டி என்ன ஆகும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது; கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்காமல் ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள்.

ரேடியேட்டரும் நம்ம ஊர் தூசியும்

100 முதல் 150 வாட்டுக்கு ஒரு 120 மிமீ ஃபேன் அளவு ரேடியேட்டர் என்பது பொதுவான கணக்கு. சேலத்துக்கு நான் 100 வாட்டையே எடுத்துக்கொள்கிறேன். 650 வாட் சிஸ்டம் என்றால் ஆறு, ஏழு ஃபேன் இடம். அதாவது 360 மிமீ ரேடியேட்டர் இரண்டு. கேபினெட் அதற்கு இடம் தருமா என்று டேப் வைத்து அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

தகடுகளின் நெருக்கம் அதைவிட முக்கியம். ஓர் அங்குலத்துக்கு 30 தகடு இருக்கும் நெருக்கமான ரேடியேட்டர், சோதனை அட்டவணையில் நல்ல எண் காட்டும். அம்மாப்பேட்டை, குகை பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் அதை வைத்தால் சில மாதங்களில் பஞ்சு அப்பிக்கொண்டு மூச்சு விடாது. மேக்னசைட் ஜங்ஷன் பக்கத்து வீடுகளில் வெள்ளைப் புழுதி. இந்த ஊருக்கு 16க்குள் தகடு உள்ளதை எடுங்கள், முன்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர் வையுங்கள். ஃபில்டர் காற்றைக் கொஞ்சம் தடுக்கும்தான், அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர், உலோகம், குழாய்

போர் தண்ணீர் ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டுக் கெய்சரில் படியும் உப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேட்டூர் தண்ணீரும் கூடாது. குடிக்கிற ஆர்ஓ கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று ஊற்றுபவர்கள்தான் அதிகம். அதிலும் உப்பு மிச்சம் இருக்கும், ருசிக்காகத் தாது சேர்ப்பதும் உண்டு. வாட்டர் பிளாக்கின் உள்ளே இருக்கும் வாய்க்கால்கள் அரை மில்லிமீட்டரைவிடக் குறுகியவை. அங்கே கொஞ்சம் படிந்தாலே ஓட்டம் அடைபடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினாலும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், எல்லாப் பாட்டிலும் காட்டுவதில்லை. துருவுக்கும் பாசிக்கும் எதிரான மருந்து கலந்தே வரும் தெளிந்த கூலன்ட் ஒரு லிட்டர் வாங்கிவிடுவது நிம்மதி. பால் மாதிரி அடர்ந்த வண்ணக் கூலன்ட்கள் போட்டோவுக்கு அழகு. அவற்றின் நிறத்துகள் நாளாவட்டத்தில் பிரிந்து அதே குறுகலான வாய்க்காலில் போய் உட்காரும். தினமும் வேலை செய்யும் சிஸ்டத்துக்கு அதை நான் போடுவதில்லை.

மலிவு விலைக் கிட்களில் ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் செம்பு. இந்த இரண்டும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், தண்ணீர் கலங்கும், கடைசியில் ஒழுகும். பழைய கார் ரேடியேட்டரைக் கொண்டுவந்து இதைப் போடலாமா என்று கேட்கும் ஆர்வமான பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு. இந்த மூன்றுக்குள் நின்றுகொள்ளுங்கள்.

குழாயில் என் விருப்பம் கறுப்பு இபிடிஎம் ரப்பர். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் வளையும், வெளிச்சத்தை உள்ளே விடாததால் பாசிக்கு வழி குறையும், சர்வீஸ் செய்வது எளிது. கண்ணாடி போலத் தெரியும் கடினக் குழாய் வேண்டும் என்றால் அக்ரிலிக் எடுங்கள், பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் வேண்டாம். கூலன்ட் 60 டிகிரியை நெருங்கும்போதே பிஇடிஜி இளகத் தொடங்கிவிடும், பிட்டிங்கிலிருந்து (குழாயைப் பாகத்தோடு இணைக்கும் மூட்டு) நழுவும். குளிர் நாட்டில் அந்த வெப்பம் வராது. இங்கே 40 டிகிரி அறையில் ஃபேனை மெதுவாக ஓட விட்டால் 55 சாதாரணமாக வரும். லூப்களில் பரவலாகப் போடும் டி5 வகைப் பம்புக்கும் 60 டிகிரிதான் மேல் எல்லை. ஆகவே கூலன்ட் வெப்பம் காட்டும் சென்சார் ஒன்று கட்டாயம் போடுங்கள், ஃபேன் வேகத்தை அந்த சென்சாரோடு இணையுங்கள், 55 டிகிரியில் சிஸ்டம் தானே அணையும்படி வையுங்கள். அக்ரிலிக் பாகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துடைக்காதீர்கள். மயிரிழை விரிசல் விழும்.

ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) பெரிதாக இருந்தால் நன்றாகக் குளிரும் என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. 400 வாட் சூடு ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து, பதினோரு நொடியில் ஒரு டிகிரி ஏற்றிவிடும். இன்னொரு லிட்டர் சேர்த்தால் சூடு வந்து சேருவது கொஞ்சம் தாமதமாகும், எட்டும் வெப்பம் மாறாது. எது முதலில், கார்டா பிராசசரா என்ற கேள்விக்கும் அப்படித்தான்: நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட் கார்டைத் தாண்டும் தண்ணீர் ஒன்றரை டிகிரிதான் கூடுகிறது. குழாய் நேராக, குறைவான வளைவோடு போகும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு மேலே ரிசர்வாயர் இருக்க வேண்டும், பம்ப் வறண்டு ஓடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்

மேலே தங்கும் விடுதி நடத்தும் சிலரும், வீட்டிலிருந்து ஐடி வேலை பார்ப்பவர்களும் கேட்பது வேறு கேள்வி: பனியில் குழாய் வியர்த்து போர்டில் சொட்டுமா? சாதாரண லூப்பில் வியர்க்காது, கூலன்ட் எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருப்பதால். ஐஸ், சில்லர் என்று வெளிக் குளிர்ச்சி சேர்த்தால்தான் அந்த ஆபத்து. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று 15 சதவீதம் அடர்த்தி குறைந்தது, ஃபேன் கொஞ்சம் குறைவாகவே சூட்டைத் தூக்கும். ஆனால் அறையே சேலத்தைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருப்பதால் அது கணக்கிலேயே வராது. உண்மையைச் சொன்னால் ஏற்காட்டில் நல்ல ஏர் கூலரே ராஜா. லூப் போட்ட சிஸ்டத்தை மேலே ஏற்றுவதானால் 20 கொண்டை ஊசி வளைவுக் குலுக்கலில் கடினக் குழாய் தளரலாம். தண்ணீரை வடித்துவிட்டு ஏற்றி, மேலே போய் நிரப்பிச் சோதியுங்கள். சீசனுக்கு மட்டும் திறக்கும் அறையில் மாதக்கணக்காக ஓடாமல் நிற்கும் லூப்பில் பாசி பிடிக்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக.

கையில் வாங்கும்போது

மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் ஓட்டி, பிட்டிங் ஒவ்வொன்றின் கீழும் டிஷ்யூ வைத்து 24 மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும். அதற்கு முன்பே காற்றடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. அடியில் வடிகால் வால்வு இல்லாத லூப்பை ஏற்காதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கூலன்ட் மாற்ற வேண்டியிருக்கும், அப்போது கேபினெட்டைக் கவிழ்க்க முடியாது. பிட்டிங்கும் கசிவைத் தடுக்கும் ஓ ரிங்கும் இரண்டிரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், அவசரத்துக்கு இங்கே கடையில் தேடினால் கிடைக்காது.

பிறகு மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அறை வெப்பம், கூலன்ட் வெப்பம், பிராசசர் வெப்பம், கார்டு வெப்பம், பம்ப் வேகம், ஐந்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்கி கேபினெட் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் சிஸ்டம் சூடாகிறது என்று தோன்றும்போது அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். அறைக்கும் கூலன்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருந்தால் ரேடியேட்டரில் தூசி, அல்லது ஒரு ஃபேன் நின்றிருக்கிறது. பிரஷ்ஷும் புளோயரும் போதும், நீங்களே செய்யலாம். அந்த வித்தியாசம் அப்படியே இருந்து, கூலன்டுக்கும் பிராசசருக்கும் இடையில் மட்டும் கூடியிருந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது பிளாக் அடைத்திருக்கும். அப்போது லூப்பை வடித்துத் திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.