ஜீப் கொதிக்கிறதா? எப்போது கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள்

கத்திரி தொடங்கினால் காரைக்குடிப் பட்டறைகளுக்குப் பழைய ஜீப்புகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும். மேஜர், கமாண்டர், எம்.எம். 540, எப்போதாவது ஒரு ஜிப்ஸி. புகார் ஒன்றுதான்: "அண்ணே, வண்டி கொதிக்குது." கூடவே ஒரு பட்டியலும் வரும். ரேடியேட்டர் மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியாயிற்று. காசு போனதே தவிர கொதிப்பு போகவில்லை.

இதுவரை என்னென்ன மாற்றினார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்போது சூடு ஏறுகிறது என்றுதான் கேட்பேன். அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பழுது எந்தப் பக்கம் என்பது பாதி தெரிந்துவிடும்.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, திருப்பத்தூர் ரோட்டில் ஐம்பதில் விட்டதும் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று வந்து காப்பாற்றுகிறது. நின்றால் ஃபேன்தான் எல்லாம். மாறாக, ஊருக்குள் பேசாமல் ஓடிவிட்டு, திருமயம் தாண்டித் திருச்சி ரோட்டில் எழுபதைத் தொட்டதும் சூடேறுகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது பம்பின் இறக்கைகளைத் துரு தின்றிருக்கும். கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஹோஸுக்குள் இருக்கவேண்டிய ஸ்பிரிங்கை ஹோஸ் மாற்றும்போது பலர் திரும்பப் போடுவதில்லை. பானெட்டைத் திறந்து ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பிடித்தால் ஹோஸ் சப்பையாவது கண்ணுக்கே தெரியும்.

கண்மாய்க்குள் இறங்கி, ஃபோர் வீலில் லோ கியர் போட்டு மணலில் அரைக்கும்போது ஏறுவது வேறு கதை. இன்ஜின் முழு வேகத்தில் சுற்றுகிறது, வண்டியோ நடக்கிற வேகத்தில் நகர்கிறது. நல்ல வண்டியிலும் அப்போது முள் கொஞ்சம் ஏறும். நிறுத்தி, மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, ஐடிலைச் சற்றுக் கூட்டி வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் இறங்கினால் பயமில்லை. இறங்காவிட்டால்தான் பட்டறை.

முள்ளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்தே மேலே போனால் இன்ஜினைத் தொடவே வேண்டாம்; டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரையோ எர்த் வயரையோ பாருங்கள். நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். பளபளக்கிற அலுமினியத்தில் நேராக அடித்தால் அது குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அடித்தால்தான் சரியான கணக்கு வரும். அதே கருவியால் ரேடியேட்டர் முகம் முழுக்கத் தடவிப் பார்க்கலாம். நடுவில் எங்காவது திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த டியூப்களில் தண்ணீர் ஓடவில்லை.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு கமாண்டர் வந்தது. புது ரேடியேட்டர், புது பம்ப், புது பெல்ட். நின்றால் கொதிக்கும், ஓடினால் இறங்கும். இன்ஜினை ஐடிலில் விட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தினத்தாள் பக்கத்தைப் பிடித்தேன். ஃபேன் நன்றாக இழுத்தால் தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இது லேசாக ஆடிவிட்டுக் கீழே விழுந்தது. பம்ப் மாற்றியவர்கள் ஃபேனை முன்பின் திருப்பி மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டினால் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அடிக்காது. திசை அதேதான். ஆனால் இறக்கையின் வளைவு தப்பான பக்கம் இருப்பதால் அள்ளுகிற காற்று வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். நாலு போல்ட் வேலை. இதற்குத்தான் ரேடியேட்டரே மாறியிருந்தது.

ஃபேனைச் சுற்றியிருக்கும் கவரும் அப்படித்தான். கை நுழைய இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்று பக்கவாட்டிலிருந்து வந்துவிடும். ஆஃப்ரோடு ஆசையில் கிரில்லுக்கு முன்னால் லைட் பார், பெரிய ஹாரன், வின்ச் என்று அடுக்கியவர்களும் இதையேதான் தங்களுக்கே செய்துகொள்கிறார்கள்.

நம் செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஆயில் கசிவோடு சேர்ந்தால் ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவே பூச்சு வேலை செய்தது போல் இறுகிவிடும். கருவேலம் பூவும் தூசும் அதன் மேல் படியும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸில் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

உள்ளே ஊற்றுகிற தண்ணீருக்கு வருவோம். போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி டியூப்களுக்குள் சுண்ணாம்பு படிந்த ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்யும்போது வெள்ளைச் செதில் உதிரும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழுகிற மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் நிறைந்த ஊர் இது. அந்த வீட்டு வாசலில் நிற்கிற ஜீப்புக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணீர் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. டிஸ்டில்ட் வாட்டர் நல்லது, சுத்தமான மழைநீர் பரவாயில்லை. எதுவானாலும் கூலன்ட் கலக்கவேண்டும். நமக்கு உறைபனி கிடையாதே என்பார்கள். கூலன்டில் இருக்கிற துரு தடுப்பு மருந்துக்காகத்தான் அதை ஊற்றச் சொல்கிறோம். இரும்பு பிளாக்கின் மேல், சிலிண்டர்களை மூடுகிற அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிற இன்ஜினில் வெறும் தண்ணீர் ஹெட்டை அரித்துவிடும். அதற்காகக் கலக்காத கூலன்டை முழுக்க ஊற்றுவதும் தப்பு. தண்ணீரை விட அது குறைவான சூட்டைத்தான் சுமக்கும். பாதிக்கு மேல் போகவேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் வெடித்துப்போனால் 100லேயே கொதித்துவிடும். ஆனால் 7 பவுண்ட் (ஏறக்குறைய 0.5 பார்) மூடிக்குச் செய்த பழைய பித்தளை ரேடியேட்டரில் அழுத்தம் கூடின மூடியைப் போட்டால் ஈயப்பற்று விட்டுப்போகும். கம்பெனி சொன்ன அளவே போதும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் தொழிலில் ஊறிப்போன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கிறது. எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் திரும்பிச் சுற்றும். மழைக்காலத்தில் டீசல் இன்ஜின் சூடே ஏறாமல் ஓடித் தேயும். சந்தேகமென்றால் நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். மேலே 82 என்று அடித்திருந்தால் அதையொட்டித் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுதாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், காலியாக விடாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, தண்ணீர் சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் விறைத்துக்கொள்வது மோசமான அறிகுறி. குளிர்ந்த இன்ஜினிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வரும். முதலில் வருகிற சில குமிழிகள் தங்கியிருந்த காற்று, அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆயில் மூடியின் உள்ளே பால் டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாமல், நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜில் கோணல் பார்க்கச் சொல்லுங்கள்.

டைமிங், அதாவது எரிபொருள் பற்றுகிற நேரம், பிந்தியிருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் சூடேறும். ஓட்டி நிறுத்தியதும் நாலு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் பிந்தையது தெரிந்துவிடும்.

வழியில் கொதித்தால் ஓரங்கட்டுங்கள். ஆவி அடிக்கிறபோது மூடியைத் தொடவே கூடாது. துணியைப் போட்டுத் திறந்தாலும் முகத்தில்தான் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள், மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து அழுத்தம் இல்லை என்றான பிறகு திறங்கள். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். யாருக்காவது கை வெந்துவிட்டால் பேஸ்ட், பேனா மை எதுவும் தடவாமல், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். கீழே கொட்டின கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயும் குழந்தையும் அண்டாமல் கழுவிவிடுங்கள். வடித்த பழைய கூலன்டைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், ஊருணிக்குப் போகிற வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.