டிரிப்ஸ் கழற்றிய பிறகுதான் துணை வேண்டும்

லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வார்டில் எட்டாம் நாள் காலை கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஏழு நாளாக ராப்பகலாக ஓடிய சைட்டராபின் என்னும் கீமோ மருந்தின் பம்பைக் கழற்றி ஓரமாக வைப்போம். "கீமோ முடிஞ்சிருச்சா சிஸ்டர்?" என்று மகனோ மகளோ கேட்பார்கள். இந்தச் சுற்று முடிந்தது என்போம். அவ்வளவுதான், ஊருக்குப் போன் பறக்கும். சாயங்காலம் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆரஞ்சுப் பையோடு வந்து நிற்பார்கள். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத பிள்ளை, "இன்னிக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன்" என்று கிளம்பும்.

இந்த வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நாங்கள் பயப்படத் தொடங்குவதே அன்றைக்குத்தான்.

ஏ.எம்.எல். என்கிற தீவிர வகை லுகேமியாவில், உடம்பு தாங்கும் என்றால் முதல் சுற்றில் 7 நாள் சைட்டராபின், 3 நாள் டானோரூபிசின் கொடுப்பார்கள். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் பெரும்பாலும் அசாசிடிடின் ஊசியும் வெனிட்டோக்ளாக்ஸ் மாத்திரையும். எதுவானாலும் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கத்தான் செய்யும். மருந்து கெட்ட அணுவை மட்டும் பார்த்து அடிப்பதில்லை, அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே துடைத்துவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கவுண்ட் அடிமட்டத்துக்குப் போவது பம்ப் நின்ற பிறகுதான். மறுபடி ஏற, மருந்து தொடங்கிய நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. "வெள்ளை அணு 200-க்கு வந்துருச்சாம், மருந்து பிடிக்கலையா?" என்று அழுதுகொண்டு வருபவர்களிடம், அது மருந்து செய்யும் வேலைதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிருக்கிறது.

அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது வேறு கதை. நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணு 500-க்குக் கீழே போனால் கிருமியை எதிர்க்க ஆளே இல்லை. சீழ் பிடிப்பதற்குக்கூட வெள்ளை அணு வேண்டுமே! அதனால் வீக்கம் இருக்காது, சீழ் இருக்காது, நெஞ்சு எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம். உடம்பு காட்டுகிற ஒரே அடையாளம் சூடுதான். 100.4 டிகிரி தொட்டால் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கிற விஷயமில்லை. கைப்பையில் இருக்கும் பாராசிட்டமாலைப் போட்டுவிட்டால் சூடு இறங்கும், கிருமி இறங்காது. எங்களைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். கூட மகள். வந்த அன்றே மகள் என்னைத் தனியாக அழைத்து, "அப்பாவுக்குத் தெரியாது சிஸ்டர். ரத்தசோகைன்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றாள். வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்கள். பொய் சொல்ல மாட்டேன், அவராகக் கேட்காதவரை நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன் என்றேன். இன்று வரை அது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை.

பதினோராம் நாள் ராத்திரி அவருக்குக் குளிர் எடுத்திருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மகள் தூங்குகிறாள். எழுப்ப மனசில்லாமல் இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறார். நள்ளிரவில் பார்த்தபோது சூடு இல்லை. ஆறு மணிக்கு நான் போனபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, பிரஷர் 80-க்கு வந்திருந்தது. ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் இருந்து பிழைத்து வந்தார்.

திரும்பி வந்ததும், ஏன் பெல்லை அடிக்கவில்லை என்று கேட்டேன். "பாவம் சிஸ்டர், அவ எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் முடியலன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவா" என்றார். அப்படியானால் உங்களுக்கு எப்போது தெரியும்? சிரித்தார். "முப்பது வருஷம் போர்டு பார்த்து வண்டி ஓட்டினவன் நான். இந்த வாசல்ல எவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கீங்க."

வியாதியை மகள் மறைத்தாள், குளிரை அப்பா மறைத்தார். பாசம்தான். இந்த வியாதியில் அந்தப் பாசத்தை எனக்குக் கண்டாலே பயம். மறைத்து வைத்த வீட்டில் நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றிப் பேசவே இடம் இருக்காது. ஈறில் ரத்தம் கசிகிறது, மோஷன் போகும்போது எரிகிறது, வாயெல்லாம் புண் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்று தயங்கினால் டாக்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு நினைக்கிறீங்க?" என்று அவர்களையே முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

துணைக்கு இருப்பவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டால் போதும். எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு, எத்தனை முறை வாய் கொப்பளித்தார், என்ன சாப்பிட்டார், எங்கே புதிதாகச் சிவப்புப் புள்ளி. பல் துலக்க மிருதுவான பிரஷ்தான். வேப்பங்குச்சி, பல்பொடி கூடாது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு 10,000-க்கு அருகில் இருக்கும்போது பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியலாம். அப்பாக்கள் யூரின் கேனைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். சண்டை போட்டாவது ராத்திரி கேன் வையுங்கள்.

கோயில் தீர்த்தம், துளசி, பூ மூன்றும் கட்டிலருகே வேண்டாம். அந்தத் தண்ணீரிலும் இலையிலும் இருக்கும் கிருமி நமக்கு ஒன்றும் செய்யாது, அவர்களுக்குச் செய்யும். விபூதியை நெற்றியில் வைக்கலாம், வாயில் போடக் கூடாது. பப்பாளி இலைச் சாறு டெங்குக் காலத்திலிருந்து எங்களை விடாமல் துரத்துகிறது. இங்கே பிளேட்லெட் இறங்குவதற்குக் காரணம் மஜ்ஜை வேலை செய்யாதது. பச்சை இலையை அரைத்து ஊற்றினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

ரத்த தானம் செய்ய ஊரிலிருந்து முதல் நாளே வேன் பிடித்து இருபது பேர் வந்து இறங்குவார்கள். மனசு நெகிழும்தான், ஆனால் பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அந்த இருபது பேரின் பெயரையும் குரூப்பையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு இரண்டு பேராக அழையுங்கள். மெஷினில் பிளேட்லெட் மட்டும் பிரித்துக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகலாம், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் போட்டவர் வேண்டாம். முக்கியமாக, "என் ரத்தத்தையே எங்கப்பாவுக்கு ஏத்துங்க" என்று கையை நீட்டும் பிள்ளைகளை பிளட் பேங்க் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். பின்னால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் கொடையாளி நீங்களாகவே இருக்கலாம். உங்கள் ரத்தத்தை இப்போதே அவர் உடம்பு எதிரியாகப் பழகிவிடக் கூடாது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேர்க்கும் நாளிலேயே கவுண்டரில் காட்டிவிடுங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. நகையை வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து "கார்டு இருக்கு" என்று எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

டிரைவர் அடுத்த சுற்றுக்கு வந்தபோது சட்டைப் பையில் பேனா மாதிரி தெர்மாமீட்டர் குத்தியிருந்தது. ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு பெல் அடித்தது. போனேன். மகள் கீழே நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, "நூறு புள்ளி ஆறு சிஸ்டர். ஊசியை எடுத்துக்கிட்டு வாங்க, அவளை நானே எழுப்புறேன்" என்றார்.