பழைய போர்ஷே 911-இல் ஆயில் கசிவு: எஞ்சினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஆயில் சொட்டியிருந்தால் பட்டறையில் உடனே வரும் பதில்: "ஃப்ளைவீல் பக்க ஆயில் சீல் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்." காற்றால் குளிரும் போர்ஷே 911-இல் இது பெரும்பாலும் அவசரத்தில் சொல்லப்படும் பதில். அதே இடத்தில் சொட்ட வைக்கக்கூடிய மலிவான உதிரிகள் எஞ்சினின் மேல்பக்கம் மூன்று இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் எஞ்சினை இறக்கி, சீலை மாற்றி, திரும்ப ஏற்றிய பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழும்.

1964-இல் உற்பத்தி தொடங்கி 1998 வரை வந்த காற்றுக் குளிர்ச்சி 911-கள் எல்லாமே ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் கொண்டவை, அடிப்படை அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே சொல்வது முக்கியமாக 1978–83 எஸ்.சி., 1984–89 கரேரா 3.2 ஆகிய இரண்டையும் மனதில் வைத்து.

இந்த எஞ்சினில் கசிவு ஏன் ஏமாற்றுகிறது? பெரிய விசிறி மேலிருந்து கீழாகக் காற்றைத் தள்ளுகிறது. மேலே ஊறும் ஆயில் கிராங்க்கேஸின் (எஞ்சினின் நடுக்கூடு) மேல்பரப்பில் தேங்கி, சிலிண்டர்களின் இடுக்குகளிலும் பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) பக்கமும் இறங்கி, தகடுகளின் ஓரம் பிடித்து எங்கோ ஒரு தாழ்ந்த முனையில் சொட்டுகிறது. சொட்டு விழும் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

முதலில் ஆயில் அளவு

இது டிரை சம்ப் எஞ்சின், அதாவது ஆயில் எஞ்சின் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும் வகை. மொத்தம் சுமார் 13 லிட்டர் ஆயிலில் பெரும்பகுதி வலது பின்சக்கரத்தின் அருகே உள்ள தனித் தொட்டியில் இருக்கும். அளவு பார்க்க, எஞ்சின் நன்றாகச் சூடாகி, வண்டி சமதரையில் நின்று, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்த வண்டியில் டிப்ஸ்டிக்கை இழுத்து, "ஆயில் குறைஞ்சிருக்கு" என்று ஒரு லிட்டர் ஊற்றுவது மிகப் பரவலான தவறு. மிகுதியான ஆயில் பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாகக் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து வெளியே வழியும். பார்ப்பவருக்கு அது கேஸ்கெட் கசிவு போலத்தான் தெரியும். (1972 மாடலில் மட்டும் ஆயில் ஊற்றும் வாய்க்கு வண்டியின் வலது பக்கவாட்டில் தனி மூடி வைத்தார்கள். பெட்ரோல் பங்க் ஊழியர்கள் அதில் பெட்ரோலை நிரப்பிவிட்டதால் அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டார்கள்.)

இன்னொன்று, வாரக்கணக்கில் நிற்கும் வண்டி. தொட்டியில் உள்ள ஆயில் பம்ப் வழியாக மெல்ல ஊறிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். வழக்கமாக ஆயில் தேங்காத உயரம் வரை அது ஏறும்போது, சாதாரணமாகத் தாக்குப்பிடிக்கும் சீல்கள்கூட வியர்க்கத் தொடங்கும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையும் கிளம்பும். இப்படி நின்ற வண்டியின் அடியில் கண்ட சொட்டை வைத்து எஞ்சின் வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று முறை முழுச் சூட்டுக்கு ஓட்டிவிட்டுப் பிறகு பாருங்கள்.

கழுவாமல் தேடாதீர்கள்

ஆண்டுக்கணக்கில் அப்பிய ஆயில் பிசுக்கின் மேல் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர், விசிறி நடுவில் உள்ள ஆல்டர்னேட்டர், காற்று உள்ளிழுக்கும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் சுற்றி மூடுங்கள். டீகிரீசர் தெளித்து, நைலான் பிரஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவினால் போதும். உயர் அழுத்தத்தில் அடித்தால் மின் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து வேறொரு பிரச்சினை தொடங்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைச் சூடான உலோகத்தின் அருகே பயன்படுத்தவே கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகச் சிதையக்கூடும்.

காய்ந்த பிறகு, ஆயிலில் புற ஊதாச் சாயம் கலந்துவிடலாம். சாய பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் நான்கைந்து லிட்டர் ஆயிலுக்கானது. இங்கே 13 லிட்டர் என்பதால் அந்த விகிதத்தில் கூட்ட வேண்டும். சாயம் இல்லையென்றால், சந்தேகப்படும் மூட்டுகளில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவினாலும் ஆயில் வரும் கோடு தெளிவாகத் தெரியும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு முறை பாருங்கள். பிறகு ஆயில் 90 டிகிரியைத் தொடும்வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். இரண்டும் தேவை. முன்பக்க ஆயில் கூலர் உள்ள வண்டிகளில், அதற்குப் போகும் குழாய்களின் தெர்மோஸ்டாட் சுமார் 83 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். வலது கதவின் அடியோரம் ஓடும் அந்தக் குழாய்களின் கசிவு, ஆறிய எஞ்சினில் முகத்தையே காட்டாது.

மேல்பக்கத்து மூவர்

விசிறிக்கும் எஞ்சின் அறையின் முன்சுவருக்கும் நடுவில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் மூன்று பாகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: ஆயில் தெர்மோஸ்டாட், பிரீதர் மூடி, ஆயில் பிரஷர் சுவிட்ச். முதலாவதில் ஓ-ரிங் கெட்டிப்பட்டுச் சுருங்கும். இரண்டாவதில் கேஸ்கெட் உலர்ந்து வெடிக்கும். மூன்றாவதில் சுவிட்சின் உடல் வழியாகவே, மின் முனையின் ஓரத்தில் ஆயில் ஊறும். சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். அதன் கொண்டிக்குள் ஆயில் இருந்தால் வேறு சோதனை வேண்டாம்.

இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் சேர்வது பெல் ஹவுசிங் பக்கம். மேலிருந்து பார்க்க நேர் வழி கிடையாது. சிறிய வளையும் கேமராவை இன்டேக் குழாய்களுக்கு இடையே இறக்கினால் நன்றாகத் தெரியும், அது இல்லையென்றால் பல் மருத்துவர் கண்ணாடியும் டார்ச்சும் போதும். அந்த மேல்பரப்பு காய்ந்து சுத்தமாக இருந்து, பெல் ஹவுசிங்கின் அடியில் மட்டும் புது ஆயில் வந்தால்தான் ஃப்ளைவீல் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒரு துளியை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். குற்றவாளி கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சீல்.

மூன்றையும் மாற்ற எஞ்சினை முழுவதுமாக இறக்க வேண்டியதில்லை. எஞ்சினைத் தாங்கிப் பிடித்து, மவுண்டுகளைத் தளர்த்தி, சில அங்குலம் தாழ்த்தினால் கை போகும். ஒன்று மட்டும் கசிந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். உதிரிகளின் விலை சொற்பம், கூலிதான் அதிகம்.

கீழே உள்ளவை

எக்ஸாஸ்டின் மேல் ஆயில் விழுந்து புகைந்தால் கவனிக்க வேண்டியது வேறு பட்டியல். கேம்ஷாஃப்ட் பெட்டிகளிலிருந்து ஆயிலைக் கிராங்க்கேஸுக்குத் திருப்பும் குழாய்கள் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு. எக்ஸாஸ்ட் சூட்டில் அவற்றின் ஓ-ரிங்குகள் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகிவிடும். பழைய ஒற்றைக் குழாயை முறைப்படி மாற்றக் கேம் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதிலாகப் பழையதை நசுக்கி இழுத்துவிட்டு, உள்ளுக்குள் சுருங்கி விரியும் இரு துண்டுக் குழாயைப் போடலாம். விட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) ஓ-ரிங்குகளில் லேசாக ஆயில் தடவி, துளைகளின் ஓரத்தில் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்காமல் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட்டுகள் 12, அவற்றுக்கு 24 முனைகள். ஒவ்வொன்றும் கேம் பெட்டியின் துளையில் இறுக்கமாக விரிந்து அடைத்து நிற்பதால்தான் ஆயில் நிற்கிறது. அது தளர்ந்தால் முனையில் ஊறல். இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். அப்படியும் நிற்காவிட்டால், ஷாஃப்ட்டின் பள்ளத்தில் போடும் மெல்லிய ரப்பர் வளையங்கள் கிடைக்கின்றன. ஷாஃப்ட்டைத் தொட்டாலே வால்வ் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் 0.1 மில்லிமீட்டருக்கு மறுபடி சரிசெய்ய வேண்டும்.

வால்வ் மூடி நட்டுகளுக்கு 8 நியூட்டன் மீட்டர் போதும். கசிகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மூடி வளையும், ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும். மூடியைக் கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஆடினால் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டும் பயனில்லை. அலுமினிய வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

பின்பக்கப் புல்லியைச் சுற்றி ஆயில் தெறித்திருந்தால் புல்லி சீலாக இருக்கலாம், கிராங்க்ஷாஃப்ட்டின் எட்டாம் எண் பேரிங்கின் வெளி ஓ-ரிங்காகவும் இருக்கலாம். முன்னதைப் புல்லியைக் கழற்றி மாற்றிவிடலாம். பின்னதற்குக் கிராங்க்கேஸையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். எனவே முதலில் சீலை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

1968 முதல் 1977 வரையிலான பெரும்பாலான எஞ்சின்களின் கிராங்க்கேஸ் மக்னீசியம் கலவை. அவற்றில் சிலிண்டர் அடியில் ஆயில் ஊறினால் வெறும் கேஸ்கெட் என்று விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் ஹெட் ஸ்டட்டுகள் கேஸிலிருந்து பிடுங்கி வருகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

எது அவசரம்

ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 7 மில்லிலிட்டர். 13 லிட்டர் வண்டிக்கு இது ஒன்றுமில்லை, ஓய்வாகத் திட்டமிடலாம். ஆனால் அதே சொட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மேல் விழுந்தால் கணக்கு மாறுகிறது. 911-இன் உள்ளறைச் சூடு எக்ஸாஸ்டைச் சுற்றி வரும் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. ஹீட்டரைப் போட்டதும் எரிந்த ஆயில் வாடை வந்தால் அதை அணைத்துவிட்டுக் கசிவைச் சரிசெய்யுங்கள். எக்ஸ்சேஞ்சரில் துரு ஓட்டை இருந்தால் வாடையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதற்கு வாடையே கிடையாது. பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கசிவை அடைக்கும் ஆயில் கலவைகள் ரப்பரை வீங்கவைத்துச் சில மாதம் ஏமாற்றும், பிறகு ரப்பர் மென்மையாகிக் கூடுதலாகக் கசியும். மூட்டுகளில் சிலிக்கான் பசையை அள்ளி அப்பினால், உள்ளே பிதுங்கும் துணுக்குகள் உடைந்து ஆயில் வழிகளில் போய் நிற்கும்.

வேலை முடிந்தபின் முதல் சில ஓட்டங்களில் லேசான புகையும் வாடையும் இருக்கும். எக்ஸ்சேஞ்சர் தகடுகளுக்குள் முன்பே சிக்கிய ஆயில் எரிவதால் வருவது அது. அது ஓய்ந்த பிறகு, அடியில் சுத்தமான அட்டையை விரித்துச் சக்கரங்களின் இடத்தைக் குறித்து, ஒரு வாரத்துக்கு ஒவ்வோர் இரவும் எங்கே சொட்டுகிறது என்று எழுதி வைத்துப் பார்த்தால் போதும்.