எமர்ஜென்சி கம்யூனிகேஷன் பிளான்: அவசரமா, நெருக்கடியா?

தீ, வெள்ளம், புயல், எரிவாயுக் கசிவு, நெடுநேர மின்தடை போன்றவை நேரும்போது யார், யாருக்கு, எந்த வழியில், எந்தச் சொற்களில் செய்தி தெரிவிப்பது என்று அமெரிக்காவின் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு எமர்ஜென்சி கம்யூனிகேஷன் பிளான் என்று பெயர். தமிழில் இதை 'அவசரகாலத் தகவல் தொடர்புத் திட்டம்' என்று பெயர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் அதன் முதற்சொல், திட்டத்தின் நோக்கத்துக்கே மாறான பொருளைத் தருகிறது என்பது என் கருத்து.

எமர்ஜென்சி என்பதன் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள 'எமெர்கெரே' என்னும் வினை. 'மெர்கெரே' என்றால் நீரில் அமிழ்த்துதல். முன்னொட்டுச் சேரும்போது, அமிழ்ந்து கிடந்தது மேலெழுந்து வெளிப்படுதல் என்று பொருள்படும். எதிர்பாராமல் தலைதூக்கி உடனடிக் கவனத்தைக் கோரும் நிகழ்வு என்ற பொருள் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. இச்சொல்லின் வேரில் விரைவு என்ற கருத்தே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'அவசரம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள். இந்தியும் மலையாளமும் இன்றும் அதை வாய்ப்பு என்ற பொருளிலேயே வழங்க, தெலுங்கில் அது தேவையைக் குறிக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் பரபரப்பாக, விரைந்து செய்தலைக் குறிக்கிறது. ஒரே சொல் அண்டை மொழிகளில் இவ்வாறு பிரிந்து போயிருப்பது வியப்பளிக்கிறது. தமிழர் காதில் அவசரம் என்பது நிதானம் இழந்த செயலாகவே ஒலிக்கிறது. 'அவசரப்படாதே' என்றுதான் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். அந்த நிதானமின்மை நேராதிருக்கவே திட்டம் எழுதப்படுகிறது என்பதால், நெருக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்து, சூழல் நாற்புறமும் அழுத்தும் நிலையை உணர்த்தும் 'நெருக்கடி' இங்கே பொருத்தமான சொல். அவசரம் மனிதரின் பதற்றத்தைச் சுட்ட, நெருக்கடி சூழலின் இயல்பைச் சுட்டுகிறது.

கம்யூனிகேஷன் என்பதும் இலத்தீன் வழிச் சொல்லே. பொதுவாக்குதல், பங்கிடுதல் என்பதே அதன் தொடக்கப் பொருள். ஒருவரிடம் இருந்தது இருவருக்கும் பொதுவாகும்போதுதான் அது நிறைவேறுகிறது. இதற்கு நிகராகத் தமிழில் 'அறிவித்தல்' என்ற சொல் இருக்கிறது. அறிதலின் பிறவினையாகிய இது, பிறரை அறியச் செய்தல் என்று பொருள்படும். சொல்லியவுடன் சொல்லுதல் முடிந்துவிடும். கேட்டவர் அறியும்வரை அறிவித்தல் முடியாது. நோட்டீஸ் ஒட்டுவதற்கே அறிவிப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டதால் இந்த நுட்பம் மங்கிவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. நல்ல திட்டம் ஒன்றில், செய்தி கிடைத்ததற்கு மறுமொழி பெறும் முறையும், மறுமொழி வராத வீட்டின் கதவை யார் தட்டுவது என்ற பொறுப்பும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதிதான் அறிவித்தலை முழுமையாக்குகிறது. எனினும், இருபுறமும் செய்தி செல்வதை உணர்த்துவதற்குத் 'தகவல் தொடர்பு' என்ற வழக்கே போதும்; அதை மாற்றத் தேவையில்லை.

பிளான் என்பதற்குத் திட்டம் என்பதே சரி. 'திட்டமாகத் தெரியும்' என்னும்போது ஐயமின்மையை உணர்த்தும் அச்சொல், இங்கும் அந்த உறுதியைத் தருகிறது. செய்தியின் வாசகங்களுக்கும் இந்த உறுதி வேண்டும். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய கைபேசி எச்சரிக்கை முறையில் ஒரு செய்திக்கு 90 எழுத்துகளே இடம் இருந்தது. 2019இல்தான் அது 360 ஆக உயர்ந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு சொல் பிசகினாலும் பொருள் மாறிவிடும். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயின்போது வெளியிடப்படும் 'வெளியேற்ற எச்சரிக்கை' புறப்படத் தயாராகச் சொல்வது. 'வெளியேற்ற ஆணை' உடனே புறப்படச் சொல்வது. ஆணையிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லாததால், அதிகாரிகளின் சொல்லை மாற்றாமல் அப்படியே எடுத்துரைப்பதே அதன் கடமை.

இனி, யாருக்காக இத்திட்டம் என்ற கேள்வி. அமெரிக்காவில் இத்தகைய சங்கம் உள்ள குடியிருப்பில் வீடு வாங்குவோர் பொதுவாக அதன் உறுப்பினராகவும் ஆகிவிடுகிறார்கள்; வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் ஆவதில்லை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையே செய்தி அனுப்பும் பட்டியலாகக் கொண்டால், வேறு ஊரில் வசிக்கும் உரிமையாளரின் கைபேசி ஒலிக்கும். புகை சூழ்ந்த வீட்டுக்குள் உறங்கும் வாடகைதாரருக்கு எதுவும் தெரியாது. சங்கத்தின் பெயரை வீட்டு உரிமையாளர் சங்கம் என்றே எழுதலாம். அது சட்டப்படியான பெயர். திட்டத்தின் பெயரை மட்டும் 'குடியிருப்போர் நெருக்கடிக்காலத் தகவல் தொடர்புத் திட்டம்' என்று வழங்க வேண்டும். அதனுடன் இணைக்கும் பட்டியலிலும், பத்திரத்தில் பெயர் உள்ளவரைப் போலவே அன்றிரவு அந்தக் கூரையின்கீழ் இருப்பவரின் எண்ணும் இடம்பெற வேண்டும்.